குறைபாட்டின் பின்னால் மறையும் நோய்

இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து 1945இல் வெளியான விதிகள், பொதுப் பள்ளியின் நடைமுறைக்குள் அடங்காத பிள்ளைகளைப் பதினொரு வகைகளாகப் பிரித்தன. பார்வையற்றோர், காது கேளாதோர், வலிப்பு நோயுடையோர், உடல் ஊனமுற்றோர் போன்ற மருத்துவ வகைகளோடு 'கல்வித்திறன் குன்றியோர்', 'இசைந்து நடவாதோர்' என்ற இரண்டும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. முன்னது, பெரும்பாலும் நுண்ணறிவு குறைந்திருந்ததால் பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கானது. பின்னது, உணர்ச்சிக் கொந்தளிப்பாலோ நடத்தைச் சிக்கலாலோ வகுப்பறையில் நிலைகொள்ள முடியாத பிள்ளைகளுக்கானது. ஒவ்வொரு வகைக்கும் தனி ஏற்பாடு, அதற்கேற்ற ஆசிரியர், அதற்கேற்ற பயிற்சி என்று அமைந்த அந்தத் திட்டம், தன் காலத்தில் கருணையுள்ளதாகவே கருதப்பட்டது. ஆனால் அதன் அடியில், எங்கும் எழுதப்படாத ஓர் அனுமானம் இருந்தது: ஒரு பிள்ளையை ஒரு பெட்டியில்தான் வைக்க முடியும், அறிவு குன்றிய பிள்ளை அறிவு குன்றியதுதான், மனம் கலங்கிய பிள்ளை மனம் கலங்கியதுதான். இந்த வகைகளுக்கும் கீழே, 'கற்பிக்க இயலாதோர்' என முத்திரையிடப்பட்டுச் சுகாதாரத் துறையின் பயிற்சி மையங்களில் விடப்பட்ட பிள்ளைகளுக்கு, 1970இல் இயற்றப்பட்ட சட்டம் 1971 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும்வரை, பள்ளி என்பதே உரிமையாக இருக்கவில்லை.

சிறப்புக் கல்வி அமைப்பில் படிக்கும் குழந்தைகளின் மனநலக் கோளாறுகளைப் பற்றிய அறிவியலின் வரலாறு, பெருமளவுக்கு இந்த அனுமானம் உடைந்த வரலாறுதான்.

உடைப்பின் தொடக்கம் இங்கிலாந்தின் தென்கடற்கரையை ஒட்டிய வைட் தீவில் நிகழ்ந்தது. மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர், உளவியலாளர் ஜாக் டிஸார்ட், கல்வித் துறை மருத்துவர் கிங்ஸ்லி விட்மோர் ஆகியோர் தலைமையில் 1964, 1965 ஆண்டுகளில் அங்கு நடந்த ஆய்வு, தீவில் வாழ்ந்த குறிப்பிட்ட வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதுவரை நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டுமே பார்த்தன. மருத்துவமனைக்கு வருபவர்களோ கடும் நோயாளிகள், அல்லது விழிப்பும் வசதியும் உள்ள பெற்றோரின் பிள்ளைகள். தீவு என்பதால் மக்கள்தொகையின் எல்லை தெளிவாக இருந்தது, பள்ளிகள் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தன, யாரும் கணக்கிலிருந்து நழுவிப்போக வழியில்லை. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பது தெரியவந்தது. நுண்ணறிவு குறைந்த பிள்ளைகளை மட்டும் தனியே பார்த்தபோது அந்த எண் திடீரென உயர்ந்தது: பெற்றோர் நிரப்பிய வினாப்பட்டியலின்படி சுமார் 30 விழுக்காட்டினரும், ஆசிரியர்கள் நிரப்பியதன்படி சுமார் 42 விழுக்காட்டினரும் கலக்கத்தின் அறிகுறிகளைக் காட்டினர். ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட மற்றப் பிள்ளைகளிடம் இரண்டு அளவீடுகளிலுமே அது 10 விழுக்காட்டைத் தொடவில்லை.

பெற்றோரும் ஆசிரியரும் தந்த கணக்குகள் வேறுபட்டதே ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு. இரு தரப்பினரும் குறித்துக் காட்டிய பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே பிள்ளைகள் அல்லர். வீட்டில் கலங்கும் பிள்ளை பள்ளியில் அடங்கியிருக்கலாம், பள்ளியில் கொந்தளிப்பது வீட்டில் இயல்பாக இருக்கலாம். ஒரே ஒருவரின் வாய்மொழியை நம்பி ஒரு பிள்ளையின் மனநிலையை முடிவுசெய்வது எவ்வளவு பிழையானது என்பதை இது தெளிவாகக் காட்டியது. ஆயினும் இன்றுவரை அப்படித்தான் பெரும்பாலான இடங்களில் முடிவுசெய்யப்படுகிறது.

அதே தீவில் நடந்த இன்னொரு பகுதி ஆய்வு, இந்த உயர்வுக்குக் காரணம் எது என்ற கேள்வியை நுட்பமாகத் தொட்டது. உடற்குறையால் வரும் தாழ்வுணர்ச்சியும் விரக்தியும்தான் காரணம் என்றால், ஆஸ்துமா, நீரிழிவு போன்ற நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளிடமும் அதே அளவு கலக்கம் காணப்பட வேண்டும். அவர்களிடம் அது சுமார் 12 விழுக்காடாக மட்டுமே இருந்தது. மூளையில் வெளிப்படையான சேதம் இல்லாத வலிப்பு நோயாளிப் பிள்ளைகளிடம் அது 29 விழுக்காட்டை நெருங்கியது. மூளைச் சேதமும் வலிப்பும் சேர்ந்திருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மனநலக் கோளாறு உடையவர்களாக இருந்தனர். மூளையின் பாதிப்புக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு என்பது இதனால் உறுதியாயிற்று. அதேசமயம், மூளைச் சேதத்துக்கென்றே தனியாக ஒரு மனநோய் வகை தென்படவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு வரும் அதே பதற்றமும் அதே சோர்வும் அதே அடங்காத்தனமும்தான், ஆனால் பல மடங்கு கூடுதலாக, அவர்களுக்கும் வந்திருந்தன.

நாற்பது ஆண்டுகள் கழித்து, எரிக் எமர்சனும் கிறிஸ் ஹாட்டனும் பிரிட்டனில் 1999, 2004 ஆண்டுகளில் நடந்த இரு தேசியக் கணக்கெடுப்புகளை இணைத்து, 18,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, ரட்டரின் முடிவை ஏறக்குறைய அப்படியே உறுதிசெய்தது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளில் 36 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருந்தது. மற்றவர்களிடம் அது 8 விழுக்காடு. மொத்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்று நான்கு பேராக மட்டுமே இருந்த அவர்கள், மனநலக் கோளாறுள்ள பிள்ளைகளில் 14 விழுக்காட்டினராக இருந்தார்கள். அதாவது, ஒரு நாட்டின் குழந்தைகள் மனநலச் சேவைக்கு வரவேண்டிய ஏழு பேரில் ஒருவர் இவ்வகைப் பிள்ளை. அக்கட்டுரை இன்னொன்றையும் காட்டியது: இந்தப் பிள்ளைகள் வறுமை, பெற்றோரின் உடல்நலமின்மை, குடும்ப உடைவு போன்ற இடர்களை மற்றவர்களைவிட மிக அதிகமாகச் சந்தித்தவர்கள்; இடர்களின் எண்ணிக்கை கூடக்கூட, கோளாறும் கூடியது. மூளையை மட்டும் குற்றம் சாட்டுவது சமூகத்துக்கு வசதியானதுதான், ஆனால் கணக்கு அதற்கு இடம் தரவில்லை.

இத்தனை அதிகமாக இருக்கும் ஒன்று கண்ணில் படாமல் போவது எப்படி என்ற கேள்விக்கு, 1982இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ரீஸும் அவருடைய துணை ஆய்வாளர்களும் எளிமையான ஒரு சோதனை மூலம் விடை தேடினர். அன்றாட வாழ்வையே முடக்கும் அளவுக்கு அச்சத்தால் அவதிப்படும் ஒருவரைப் பற்றிய விவரக்குறிப்பை அவர்கள் உளவியல் வல்லுநர்களிடம் கொடுத்தனர். குறிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் சிலருக்குத் தரப்பட்டதில் மட்டும், அந்த நபருக்கு அறிவுசார் குறைபாடு உண்டு என்ற தகவல் சேர்க்கப்பட்டிருந்தது. அந்தத் தகவலைப் படித்தவர்கள், அதே அச்சத்தை மனநோயின் அறிகுறியாகக் கருதுவது குறைந்தது. அறிவுக் குறைபாடு என்ற பெரிய உண்மையின் நிழல் விழுந்து, அதன் பக்கத்தில் நின்ற சிகிச்சைக்குரிய நோய் தெரியாமல் போயிற்று. இதற்கு நோயறிதல் மறைவு என்று பெயர் சொல்லலாம். பயிற்சி பெற்ற வல்லுநர்களே ஒரு தாளில் எழுதப்பட்ட ஒற்றை வரியால் இப்படித் தடுமாறினால், முத்திரையோடேயே பள்ளிக்குள் நுழையும் பிள்ளையை ஆண்டு முழுவதும் பார்க்கும் ஆசிரியர், அதன் அழுகையையும் ஆத்திரத்தையும் 'இந்தப் பிள்ளைகள் இப்படித்தான்' என்று கடந்துபோவதில் வியப்பில்லை.

மறைவுக்கு இன்னொரு காரணம் நோயறிதல் முறையிலேயே இருக்கிறது. மனநோயைக் கண்டறியும் அளவுகோல்கள் பெரும்பாலும் நோயாளியின் சொல்லை நம்பியவை. வெறுமையாக உணர்கிறேன், வாழ விருப்பமில்லை, யாரோ என்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது என்று சொல்லத் தெரிந்தவரிடம்தான் அவை நன்றாகப் பயன்படுகின்றன. பத்துப் பன்னிரண்டு சொற்களோடு வாழும் பிள்ளையின் மனச்சோர்வு வேறு வடிவில் வெளிப்படும்: தானாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை ஊட்டிவிடக் காத்திருக்கும், கழிப்பறைப் பழக்கம் கெடும், விருப்பமான விளையாட்டுப் பொருளைத் தொடாது, விடியுமுன் விழித்துக்கொள்ளும், தொட்டால் அடிக்கும். இவற்றில் ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் குறைபாட்டின் இயல்பு போலவே தோன்றும். முன்பு எப்படி இருந்தது, எப்போதிலிருந்து மாறியது என்று கேட்டால்தான் நோய் தெரியும். இதனால்தான் ஆஸ்திரேலியாவில் ஸ்டீவர்ட் ஐன்ஃபெல்டும் புரூஸ் டாங்கும், பிள்ளையின் பேச்சை நம்பாமல், உடனிருப்போர் காணும் நடத்தைகளைக் கொண்டு மனநிலையை மதிப்பிடும் வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கினர். அது இன்று பல மொழிகளில் வழங்குகிறது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இந்த மறைவு இன்னும் அடர்த்தியானது, ஏனெனில் ஆட்டிசத்தின் அறிகுறிகளும் பதற்றத்தின் அறிகுறிகளும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. தென்கிழக்கு இங்கிலாந்தில் எமிலி சிமனாஃப் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பத்து முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட 112 ஆட்டிசப் பிள்ளைகளில் 70 விழுக்காட்டினருக்குக் குறைந்தது ஒரு மனநலக் கோளாறும், 41 விழுக்காட்டினருக்கு இரண்டோ அதற்கு மேலோ இருந்தன. பிறர் முன்னிலையில் எழும் அச்சம், கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் சேர்ந்த கோளாறு, எதிர்த்து நிற்கும் கோளாறு ஆகிய மூன்றும் ஒவ்வொன்றும் பத்தில் மூன்று பேரிடம் காணப்பட்டன. யாரிடமும் சேராமல் மூலையில் நிற்கும் பிள்ளைக்குச் சேரும் நாட்டமே இல்லையா, அல்லது சேர விரும்பி அஞ்சுகிறதா என்பதைப் பிரித்தறிவது பயனற்ற நுணுக்கம் அன்று. அச்சத்துக்குச் சிகிச்சை உண்டு.

சில குறைபாடுகள் தமக்கே உரிய நடத்தைகளைக் கொண்டுவருகின்றன. 1964இல் விவரிக்கப்பட்ட லெஷ்-நைஹான் நோயில், ஒரே ஒரு நொதியின் குறைவால், பிள்ளை தன் உதட்டையும் விரல்களையும் கடித்துச் சிதைத்துக்கொள்கிறது. வலி தெரியாததால் அன்று, வலியில் கதறிக்கொண்டே, தன் கையைக் கட்டிவைக்கும்படி கேட்டுக்கொண்டே கடிக்கிறது. பதினைந்தாம் குரோமோசோமின் ஒரு பகுதி செயல்படாததால் வரும் பிராடர்-வில்லி நோயில், வயிறு நிறைந்தது என்ற உணர்வு எழுவதில்லை. உணவைத் திருடும் பிள்ளை என்று பெயரெடுப்பது பெரும்பாலும் பள்ளியில்தான். பதினேழாம் குரோமோசோமில் சிறு துண்டு விடுபடுவதால் வரும் ஸ்மித்-மெகனிஸ் நோயில், உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் என்ற சுரப்பு இரவுக்குப் பதிலாகப் பகலில் உச்சம் பெறுகிறது. அந்தப் பிள்ளை இரவெல்லாம் விழித்திருந்து வகுப்பில் தூங்கி விழுகிறது, எழுப்பினால் ஆத்திரம் கொள்கிறது. அதன் உடலுக்கு அது நள்ளிரவு என்பதை அறியாத ஆசிரியர் அதை அடங்காத பிள்ளை என்று எழுதினால், அந்தக் குறிப்பு அதன் கோப்பில் பல ஆண்டுகள் தங்கிவிடும்.

இதுவரை சொன்னவை நோயை நடத்தை என்று தவறாகக் கொள்ளும் பிழையைப் பற்றியவை. அதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: எல்லா நடத்தையையும் நோயாகக் கொள்வது. தலையைச் சுவரில் மோதிக்கொள்வது போலத் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளை, பால்டிமோர் நகரின் கென்னடி நிறுவனத்தில் பிரயன் இவாட்டாவும் உடன் பணியாற்றியோரும் வெவ்வேறு சூழல்களில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து 1982இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையின் திருப்புமுனைகளில் ஒன்று. ஒரு சூழலில் பிள்ளை தன்னைக் காயப்படுத்தும்போது மட்டும் பெரியவர் அருகே வந்து கண்டிப்பார். இன்னொன்றில் கடினமான பணி தரப்பட்டு, காயப்படுத்தினால் பணி நிறுத்தப்படும். மூன்றாவதில் பிள்ளை தனியே விடப்படும். நான்காவதில் கேட்காமலே அன்பும் விளையாட்டுப் பொருளும் கிடைக்கும். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலிருந்த அந்தச் செயல், பல பிள்ளைகளிடம் ஏதேனும் ஒரு குறிப்பிட்ட சூழலில் மட்டும் பெருகியது. ஒருவருக்கு அது பெரியவரை அழைக்கும் வழி, இன்னொருவருக்குப் பாடத்திலிருந்து தப்பும் வழி, வேறொருவருக்குத் தனிமையில் தன் உடலுக்குத் தானே தரும் தூண்டல். எட்வர்ட் காரும் மார்க் டியூரண்டும் 1985இல் இதன் அடுத்த படியை எடுத்தனர்: பாடம் புரியாமல் கொந்தளித்த பிள்ளைக்கு 'புரியவில்லை' என்று தெரிவிக்கவும், கவனிப்புக்கு ஏங்கிய பிள்ளைக்கு 'நான் செய்தது சரியா' என்று கேட்கவும் கற்றுத்தந்தபோது கொந்தளிப்பு வெகுவாகக் குறைந்தது. சொல் பொருந்தாத இடத்தில், அதாவது கவனிப்பு வேண்டிய பிள்ளைக்கு 'புரியவில்லை' என்பதைக் கற்பித்தபோது, பயன் கிட்டவில்லை. தண்டனை இவ்வளவு காலம் தோற்றுவந்ததன் காரணமும் இங்கேதான் விளங்குகிறது. பாடத்திலிருந்து தப்ப விரும்பும் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது தண்டனையன்று, பரிசு.

நோயும் அல்லாத, பழகிய நடத்தையும் அல்லாத மூன்றாவது வகை ஒன்றுண்டு, அது வலி. பல்வலி, காதுச் சீழ், மலச்சிக்கல், இரைப்பை அமிலம் மேலேறுதல், வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளின் மாதவிடாய் வலி இவற்றைச் சொல்லத் தெரியாத பிள்ளை கன்னத்தில் அறைந்துகொள்ளும், கடிக்கும், உண்ண மறுக்கும். வலிப்புக்குத் தரப்படும் சில மருந்துகளே எரிச்சலையும் மூர்க்கத்தையும் உண்டாக்குகின்றன. நேற்றுவரை அமைதியாக இருந்த பிள்ளை இன்று திடீரென மாறினால் முதலில் பார்க்க வேண்டியது அதன் வாயையும் காதையும் மருந்துச் சீட்டையும்தான்.

முத்திரை குத்தும் இடமே நோய்க்கணக்கைக் குழப்புவதும் உண்டு. கிரனடா நாட்டவரும், லண்டனில் கல்வித்திறன் குன்றியோர் பள்ளிகளில் கற்பித்தவருமான பெர்னார்ட் கோர்ட், 1971இல் வெளியிட்ட சிறு நூலில், கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் அத்தகைய பள்ளிகளில் அளவுக்கு மீறிச் சேர்க்கப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டினார். மொழிவழக்கின் வேறுபாடும், புலம்பெயர்ந்த அதிர்ச்சியும், ஆசிரியரின் முன்முடிவும் அங்கே அறிவுக் குறைவாக எழுதப்பட்டன. எதிர்த்திசையில், கனடாவின் டொரொன்டோவில் 1990களில் நான்சி கோஹன் குழுவினர், நடத்தைச் சிக்கலுக்காக மனநல மருத்துவத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் மொழித்திறனைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதுவரை எவரும் சந்தேகித்திராத மொழிக் குறைபாடு இருந்தது. சொல்வது விளங்காததால் கீழ்ப்படியாத பிள்ளையைத் திமிர் பிடித்தது என்று ஒரு பள்ளி முழுவதும் நம்பியிருக்கிறது. 1978இல் மேரி வார்னாக் குழுவின் அறிக்கை பழைய வகைப்பிரிப்பைக் கைவிடச் சொன்னது, 1981ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கைவிட்டது. 2014 முதல் இங்கிலாந்தின் நடைமுறை விதி, 'நடத்தை' என்ற சொல்லையே தேவைகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, சமூக, உணர்ச்சி, மனநலத் தேவை என்று குறிக்கிறது. பெயர் மாறியதால் மட்டும் பார்வை மாறிவிட்டது என்று கொள்வதற்கில்லை.

மருந்துகளைப் பொறுத்தவரை சான்றும் எச்சரிக்கையும் அருகருகே நிற்கின்றன. கடும் ஆத்திரமும் தன்னைக் காயப்படுத்தலும் உள்ள 101 ஆட்டிசப் பிள்ளைகளிடம் நடந்து 2002இல் வெளியான சோதனையில், ரிஸ்பெரிடோன் என்ற மருந்து எட்டு வாரங்களில் 69 விழுக்காட்டினருக்குப் பயன் தந்தது. போலி மாத்திரை பெற்றவர்களில் 12 விழுக்காட்டினரே தேறினர். அதே எட்டு வாரங்களில் மருந்து உண்டவர்களின் எடை சராசரியாக 2.7 கிலோ கூடியது. மருந்து ஆத்திரத்தைத் தணித்தது என்பது உண்மை. ஆத்திரத்தின் காரணத்தை அது தொடவில்லை என்பதும் உண்மை. காரணம் தேடாமலேயே தொடங்கி, நிறுத்தும் நாள் குறிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் தொடரும் மருந்துகள் பெருகியதால், 2016இல் இங்கிலாந்தின் சுகாதாரச் சேவை அறிவுசார் குறைபாடுடையோருக்கான மிகை மருந்தளிப்பைக் குறைக்கத் தனி இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது. பின்னர் அது குழந்தைகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அறிவுசார் குறைபாட்டையும் மனநோயையும் இருவேறு இனங்களாக வைத்து, பல குறைபாடுகள் சேர்ந்திருப்பதையும் ஏற்கிறது. சட்டத்தின் பிரிவு சரியானதே. ஆனால் இரண்டு தனித்தனி இனங்கள் என்பதற்கு, ஒன்று இருந்தால் மற்றொன்று இராது என்று பொருளில்லை. சிறப்பாசிரியரும் மனநல மருத்துவரும் ஒருவரையொருவர் சந்திக்காத இடங்களில் நடைமுறை அப்படித்தான் பொருள் கொள்கிறது.

ஐன்ஃபெல்டும் டாங்கும் ஆஸ்திரேலியாவில் அறிவுசார் குறைபாடுள்ள 578 குழந்தைகளையும் இளைஞர்களையும் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். தொடக்கத்தில் 41 விழுக்காட்டினரிடம் கடும் மனநலச் சிக்கல் இருந்தது. இறுதியில் அது 31 விழுக்காடாகக் குறைந்தது. சிக்கல் இருந்தவர்களில், அத்தனை ஆண்டுகளில் ஏதேனும் ஒரு மனநலச் சிகிச்சை கிடைத்தவர்கள் பத்தில் ஒருவர் மட்டுமே.